வலிக்கு அந்தப் பக்கம்

"சுத்தமா வலியே இல்ல, பெலிக்ஸ். இந்த மாசம் ஒரு தடவைகூட வரல" என்று ஜெசிந்தா சொன்னபோது அவள் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை.

பெலிக்ஸ் தலையாட்டினான். கையிலிருந்த ஈரத்துண்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். மேசையில் அவளுடைய தட்டில் மீன் குழம்பு ஊற்றிய சோறு பாதி இருந்தது. சற்றுமுன்தான் அவள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, இடது தாடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கும்படி அலறியிருந்தாள். தண்ணீர் தம்ளர் உருண்டு விழுந்தது. அலறல் ஓய்ந்ததும் அவன் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தான். முகத்தைத் துடைத்தான். தம்ளரை எடுத்து, மறுபடி தண்ணீர் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தான். கடைசியாக அவள் விரல்களைப் பிடித்துச் சோற்றில் கொண்டுபோய் விட்டான். அவள் கண்ணைச் சிமிட்டினாள். விட்ட இடத்திலிருந்து பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"குழம்பு ஆறிப்போச்சு பாரு. பேசிக்கிட்டே இருந்தா இப்படித்தான்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. இடது பக்கம், கீழ்வரிசை. விரிசல் விட்ட பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர், அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாம் என்றார். தாடை எலும்பில் திருகாணி மாதிரி ஒன்றை இறக்கி, அதன் தலையில் புதுப் பல்லைப் பொருத்துவது. பாலக்கரையில் அவர்கள் தெருவிலேயே பாதிப் பேர் வைத்திருந்தார்கள். ஜெசிந்தாவுக்கு மட்டும் ஆணி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கிவிட்டது. எலும்புக்குள் ஓடும் நரம்பை அது தொட்டது. ஊசி போட்டு மரத்த உதடு மறுநாளும் மரத்தே இருந்தது. அதற்கு அடுத்த வாரம் அந்த மரப்புக்குள் நெருப்புப் பிடித்தது. டாக்டர் ஆணியைக் கழற்றினார். "நரம்பு மெதுவாத்தான் ஆறும்மா, பொறுத்துக்கணும்" என்றார். நெருப்பு அணையவில்லை.

ஃபேன் காற்று பட்டால் வலித்தது. சேலைத் தலைப்பு உரசினால் வலித்தது. சில சமயம் ஒன்றுமே படாமல், மின்சாரக் கம்பியைக் கடித்தது போல் வலித்தது. அவள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியை. மாத்திரை போட்டுக்கொண்டு போனால் பாடத்தின் நடுவில் வார்த்தை மறந்தது. போடாமல் போனால் பேசவே முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் காவிரிப் பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்று, "தண்ணி நிறைய போகுதுல்ல" என்றாள். பெலிக்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வீடு வந்து சேரும்வரை ஒற்றைக் கையால்தான் ஸ்கூட்டரை ஓட்டினான்.

அதன்பிறகுதான் நரம்பியல் டாக்டர் மீனலோசனியிடம் போனார்கள்.

"வலியை நிறுத்த என்னால முடியாது" என்று அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "அடிபட்ட நரம்பு கிளப்பிவிட்ட வலி இப்ப மூளையிலேயே குடியேறிடுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துல துடிக்கிறது கொஞ்ச நேரம்தான். அதையே நினைச்சுக்கிட்டு, அடுத்தது எப்ப வருமோன்னு பயந்து பயந்து செத்துக்கிட்டு இருக்கறதுதான் மீதி நாள் பூரா. அந்த மீதியை நான் எடுத்துடலாம்."

காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கும் ஒரு சின்னக் கருவி. நெற்றிப் பொட்டு அளவுதான் இருக்கும், அதனால் ஊரில் எல்லோரும் அதைப் பொட்டு என்றே சொன்னார்கள். வலி ஓர் அளவுக்கு மேல் போனதும் பொட்டு விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நடப்பது எதையும் நினைவில் பதியவிடாது. வலி இறங்கியதும் அது ஒதுங்கிக்கொள்ளும்.

"நடுவுல விட்டுப்போனது தெரியாதா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"தெரியாதும்மா. ரெண்டு முனையையும் மூளையே இழுத்துத் தைச்சுக்கும். பக்கத்துல இருக்கறவங்க கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும், அவ்வளவுதான். எந்த வேலையில இருந்தீங்களோ அந்த வேலையிலயே உங்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுட்டா போதும்."

"அப்ப வலி வரும்" என்றான் பெலிக்ஸ்.

"வரும்."

"யாருக்கு வரும்?"

டாக்டர் லேசாகச் சிரித்தார். "கனவுல அழுதது காலையில ஞாபகம் இல்லேன்னா, அழுதது யாருன்னு நாம கேக்கறோமா, மிஸ்டர் பெலிக்ஸ்?"

ஜெசிந்தா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "போடுங்க டாக்டர்" என்றாள்.

ஒரு விதியை மட்டும் டாக்டர் இரண்டு தடவை சொன்னார். பொட்டை எடுக்கச் சொல்லும் உரிமை நோயாளிக்குத்தான். ஆனால் வலி இல்லாத நேரத்தில், தெளிவாக இருக்கும்போது சொல்ல வேண்டும். வலியில் சொல்வது செல்லாது. வலியில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்த ஜெசிந்தா பழைய ஜெசிந்தாவாக இருந்தாள். மாதா கோயில் பாடகர் குழுவில் மறுபடி சேர்ந்தாள். பள்ளிக்குப் போனாள். சென்னையில் படிக்கும் மகள் ஷெரினோடு மணிக்கணக்கில் போனில் பேசினாள். பெலிக்ஸ் மாநகராட்சியின் ஓட்டுநர் இல்லாப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவன், வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். அதனால் வலி வரும்போது பக்கத்தில் இருந்தவன் அவன்தான். வாரத்துக்குச் சில முறை. வந்தால் அடங்கக் கால் மணி நேரம் ஆகும். முதல் முதலில் அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "எடுத்துடச் சொல்லு, இதை எடுத்துடச் சொல்லு" என்று கெஞ்சியபோது அவனும் சேர்ந்து அழுதான். அடுத்த நிமிஷம் அவள், "ஏன் உன் கண்ணு சிவந்திருக்கு?" என்று கேட்டாள். வெங்காயம் என்றான்.

அதற்குள் ஊரெங்கும் பொட்டு வந்துவிட்டது. பிரசவ வார்டுகளில் வைத்தார்கள். தீக்காயம் பட்டவர்களுக்கு மரப்பு மருந்து கொடுக்காமலே கட்டுப் பிரித்தார்கள். ஞாபகமா இருக்கப்போகிறது என்றார்கள். தொழிற்சாலையில் கை நசுங்கியவன் மறுவாரமே சிரித்த முகத்தோடு வேலைக்குத் திரும்பினான். அலறல் கேட்டால் யாரும் எழுந்து ஓடுவதில்லை, முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவின் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை சிஸ்டர் அமலி ஒருநாள் கூப்பிட்டார். "டீச்சர் மேல ஒரு குறையும் இல்ல சார். ஆனா பிள்ளைங்க முதல்ல ரொம்பப் பயந்துட்டாங்க. இப்பப் பழக்கிட்டோம். வந்துச்சுன்னா வகுப்புத் தலைவி கதவைச் சாத்திடுவா, மத்தவங்க புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டுக் குனிஞ்சுக்குவாங்க. முடிஞ்சதும் டீச்சர் விட்ட இடத்துலேர்ந்து பாடம் எடுப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னுதான் சொன்னேன்."

அன்று மாலை ஜெசிந்தா வீட்டுக்கு வந்ததும், "இந்த வருஷத்துப் பிள்ளைங்க தங்கம். அவ்வளவு அமைதி" என்றாள்.

ஷெரின் விடுமுறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். "அம்மா கத்தறதைக்கூடத் தாங்கிக்குவேன்ப்பா. முடிஞ்சதும் சிரிக்கிறாங்க பாருங்க, அதைத்தான் பார்க்க முடியல" என்றாள்.

பெலிக்ஸுக்கு அதுவும் பழகியது. எப்போது பழகியது என்று அவனால் சொல்ல முடியாது. துண்டை நனைப்பது, தோளைப் பிடிப்பது, உடைந்ததைக் கூட்டுவது, கை விட்ட பொருளை மறுபடி கையில் கொடுப்பது எல்லாம் பாத்திரம் கழுவுவது போல நடந்தன. அவள் உதட்டில் இருந்த மரப்பு அவனுக்குள் வேறு எங்கோ பரவியிருந்தது. அவனுடைய அண்ணன் இறந்தபோது குழிக்குள் மண் போட்டுவிட்டு, வெயிலாக இருக்கிறதே என்று மட்டும்தான் நினைத்தான்.

ஒருநாள் மாலை பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே அலறல் கேட்டது. எழுந்துகொள்ளப் போனான். டீ சூடாக, பதமாக இருந்தது. நான் இப்போதே போனாலும் கொஞ்சம் கழித்துப் போனாலும் அவளுக்கு ஒன்றுதான் என்று தோன்றியது. உட்கார்ந்தான். நிதானமாகக் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அவள் தரையில் கிடந்தாள். தூக்கி உட்கார வைத்து, திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மடியில் வைத்து, சிவப்புப் பேனாவை விரல்களுக்கிடையில் செருகினான்.

அதற்கு அடுத்த முறை வலி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்து அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. அவன் பக்கத்திலேயே இருந்தான். அலறல் ஓய்ந்து, வலி மட்டுப்படத் தொடங்கியது. பொட்டு இன்னும் ஒதுங்கவில்லை. எப்போதும் வரும் அந்தச் சில நிமிஷங்களில் அவள் முனகிக்கொண்டு கிடப்பாள். அன்று கண்ணைத் திறந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"இந்தத் தடவை டீ இல்லையா?"

அவனுக்குப் புரியவில்லை. "போட்டுத் தரட்டுமா?"

"எனக்கில்ல. போன தடவை மாதிரி குடிச்சு முடிச்சுட்டு மெதுவா வந்திருக்கலாமே."

பெலிக்ஸின் கை அப்படியே நின்றது.

"நீ தம்ளர் கழுவற சத்தம் கேட்டுச்சு" என்றாள். நாக்கு குழறியது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துச் சொன்னாள். "பேனாவைக் கையில வச்ச. கண்ணை மூடித் திறந்தேன். பேனா இல்ல, இந்தப் பாவாடை இருக்கு. வலிக்குது."

"ஜெசி, அது போன வாரம்."

"எனக்கு இப்பத்தான். நடுவுல ஒண்ணும் இல்ல, பெலிக்ஸ். நீ என்னைத் தூக்கி உட்கார வைப்ப, உடனே அடுத்தது. நான் சாப்பிட்டதில்ல. தூங்கினதில்ல. ஷெரினைப் பார்த்ததில்ல. பொட்டு வச்சதுலேர்ந்து எனக்கு வலி நிக்கவே..."

முகம் தளர்ந்தது. கண் சிமிட்டினாள். கையிலிருந்த பாவாடையை நீவி நான்காக மடித்தாள். "என்ன இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க? அந்தச் சட்டையை எடு இப்படி" என்றாள்.

மறுநாள் அவன் டாக்டர் மீனலோசனியின் எதிரில் போய் உட்கார்ந்தான். அவர் முழுவதையும் கேட்டார்.

"சில பேருக்கு இப்படி இருக்குன்னு கேள்விப்பட்டேன். நினைவு பதியாமப் போகல போல. வேற அறையில போய்ப் பதியுது. அந்த அறையோட கதவு வலியில மட்டும்தான் திறக்குது."

"இது தெரிஞ்சேதான் வைக்கிறீங்களா?"

"உங்க மனைவி உயிரோட இருக்காங்க, மிஸ்டர் பெலிக்ஸ். பாலத்து மேல நின்னதை நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க." குரல் தணிந்தது. "அவங்க வந்து எடுத்துடுங்கன்னு சொன்னா இன்னிக்கே எடுக்கறேன்."

"ஒவ்வொரு தடவையும் சொல்றாளே."

"வலி இல்லாதப்ப சொல்லணும்."

பாடகர் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு, காலியான கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் சொன்னான். டீ குடித்ததையும் சேர்த்துச் சொன்னான். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார். ஜெசிந்தா பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே கேட்டாள்.

"அவ அழறாளா?"

"ஆமா."

"என்னைத் திட்டறாளா?"

"உன்னை எதுக்குத் திட்டப்போறா? அவளும் நீதானே."

"இல்ல" என்றாள் ஜெசிந்தா. உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு வலிக்கல. நீ சொல்றவ யாரோ." பாட்டுப் புத்தகத்தை மூடினாள். "பாலத்துல நின்னது நான். அது எனக்கு ஞாபகம் இருக்கு. திரும்ப அங்க நான் போக மாட்டேன், பெலிக்ஸ். பொட்டை எடுத்தா நான் அங்கதான் போவேன். உனக்கும் அது தெரியும். என்னைக் கெட்டவன்னு நினைச்சுக்கோ."

"நினைக்கல."

"அவ இருக்கறதாலதான் நான் இருக்கேன்னு சொல்ற. இருக்கட்டும். ரெண்டு பேர்ல ஒருத்தியாவது இருக்கணும்ல?" அவள் எழுந்துகொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "அவகிட்ட பொய் சொல்லிடாத. மாட்டேன்னுட்டான்னே சொல்லு."

அடுத்த முறை வலி மட்டுப்பட்ட நிமிஷங்களில் அவன் அப்படியே சொன்னான். அவள் தலை அவன் மடியில் இருந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தான்.

"அந்தப் பக்கம் இருந்திருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்து ஓர் அலையைத் தாண்டினாள். "அப்ப ஒண்ணு செய். நான் வரும்போது என்னைச் சீக்கிரம் அனுப்பிடணும்னு பார்க்காத. பேசு. ஏதாவது சொல்லு. ஷெரின் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டா."

"ஐயோ" என்றாள். வலிக்கு நடுவில் அவள் உதட்டின் வலது பாதி சிரித்தது.

அப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. ஒவ்வொரு முறையும் கிடைப்பது ஒரு சில நிமிஷம். முதலில் செய்திகள் சொன்னான். எதிர்வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போனது. புதுப் பேருந்து ஒன்று வழி தவறி மீன் சந்தைக்குள் புகுந்து, ஓட்டுநரும் இல்லாமல், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் நின்றது. அவள் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தாள். பத்து நாள் கழித்து வந்தாலும், விட்ட வாக்கியத்திலிருந்தே பிடித்தாள். "அப்புறம், அந்த பஸ்ஸை எப்படி வெளிய எடுத்தாங்க?"

பிறகு செய்திகள் தீர்ந்து, வேறு விஷயங்கள் வந்தன. அண்ணன் சாவுக்கு அழ முடியாததைச் சொன்னான். "எனக்கு இப்பல்லாம் எதுவுமே உறைக்கிறதில்ல, ஜெசி. ஊசி போட்ட உதடு மாதிரி இருக்கேன்."

"எங்கிட்ட நிறைய இருக்கு. கொஞ்சம் தரட்டுமா?" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அந்தக் கை வலியில் அவன் எலும்பை நொறுக்கிக்கொண்டிருந்தது.

ஒருமுறை நீண்ட நாட்களுக்கு வலி வரவில்லை. ஜெசிந்தா தெம்பாக இருந்தாள், பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதினாள். பெலிக்ஸ் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தான். இடது புருவம் சுருங்குகிறதா, கை தாடைக்குப் போகிறதா என்று பார்த்தான். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தபோது, எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான்.

"எங்கிட்ட நீ ஒண்ணுமே பேசறதில்ல" என்றாள் ஜெசிந்தா ஒருநாள், சப்பாத்தி இட்டுக்கொண்டே. "எல்லாம் அவகிட்டதான் பேசற."

அவன் அடுத்த மாவு உருண்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"பொறாமையா இருக்கு. எனக்கே என் மேல." சப்பாத்தியைக் கல்லில் போட்டாள். "அசிங்கமாவும் இருக்கு."

மழைக்காலம் முடியும் சமயத்தில் டாக்டர் மீனலோசனி போன் செய்தார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. சென்னையில் ஒரு குழு, காலிலிருந்து நரம்பு எடுத்துத் தாடையில் ஒட்டி, மூளையில் குடியேறிய வலியையும் கிளப்பி வெளியேற்றுகிறதாம். செய்துகொண்ட அத்தனை பேருக்கும் குணமாகியிருக்கிறது. உதட்டில் மரப்பு மட்டும் ஆயுசுக்கும் இருக்கும். வலி இனி வரவே வராது.

"அந்த அறை?" என்று கேட்டான் பெலிக்ஸ்.

"கதவைத் திறக்கறதே வலிதானே. அதுக்கப்புறம் திறக்க ஒண்ணும் இருக்காது."

"அவ உள்ள இருப்பாளா?"

"எனக்குத் தெரியல, மிஸ்டர் பெலிக்ஸ். யாருக்கும் தெரியாது."

ஜெசிந்தா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். ஷெரினுக்குப் போன் போட்டு அழுதாள். பெட்டி அடுக்கும்போதுதான் அவள் கை வேகம் குறைந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் வரலயே."

"வந்தா சொல்லிடு. நான் நன்றி சொன்னேன்னு சொல்லு. இல்ல, வேணாம். நன்றின்னா என்னமோ மாதிரி இருக்கு." மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "என்ன சொல்றதுன்னே தெரியல. நீயே ஏதாவது சொல்லிடு."

புறப்படும் நாளின் காலையில் வந்தது. ஜெசிந்தா கண்ணாடி முன் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு தெறித்துக் கட்டிலுக்கடியில் போனது. பெலிக்ஸ் அவளைத் தாங்கித் தரையில் உட்கார்ந்தான். துண்டை நனைக்கப் போகவில்லை. அலறல் முழுவதையும் அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கேட்டான். கடைசியில் அது முனகலாகி, மூச்சாகியது.

"சொல்லு" என்றாள். "ஷெரின் பரீட்சை என்னாச்சு?"

"பாஸ் பண்ணிட்டா. ஜெசி, வேற ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். எதையும் விடாமல், எதையும் மெழுகாமல் சொன்னான். நரம்பு, ஆபரேஷன், நாளைக் காலை. வலி இனி வராது. அவள் இமைக்காமல் கேட்டாள். வலி வேகமாக வடிந்துகொண்டிருந்தது அவள் தோளில் தெரிந்தது.

"அப்ப இதுதான் கடைசியா?"

"ஆமா."

"நல்லதுதானே" என்றாள். "நான் கேட்டது இதைத்தானே. முதல் நாள்லேர்ந்து இதைத்தானே கேட்டேன்."

"ஆமா."

"அவ என்ன சொன்னா?"

"நன்றி சொல்லலாம்னு பார்த்தா. அது பத்தாதுன்னு விட்டுட்டா."

அவள் உதட்டின் ஒரு பாதி அசைந்தது. கண் மெல்லச் செருகத் தொடங்கியது. அந்தச் செருகலை அவன் நூறு முறை பார்த்திருக்கிறான், அதற்கு அடுத்த சிமிட்டலில் மற்றவள் வந்துவிடுவாள். திடீரென்று அவள் கையைத் தூக்கினாள். கட்டைவிரலைத் தாடையில் சரியாக அந்த இடத்தில் வைத்து, நகம் பதிய அழுத்தினாள். உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது.

"ஜெசி! என்ன பண்ற?" அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடு" என்றாள். பற்களுக்கிடையிலிருந்து குரல் வந்தது. "விடு, பெலிக்ஸ். இன்னும் கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."

அவன் விட்டான்.

"பேசு" என்றாள். "நிறுத்தாம ஏதாவது சொல்லு."

அவன் பேசினான். ஷெரின் இப்போது முடியை மறுபடி வளர்க்கிறாள் என்றான். காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் தெரிகிறது என்றான். மாடியில் வைத்த கறிவேப்பிலைச் செடி துளிர்த்துவிட்டது என்றான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். விரலின் அழுத்தம் தளரத் தளர மறுபடி அழுத்தினாள், ஒவ்வொரு முறையும் பலம் குறைந்தது. கடைசியில் கை தானாகவே சரிந்து அவன் மணிக்கட்டில் விழுந்தது.

ஜெசிந்தா கண்ணைச் சிமிட்டினாள். தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவன் அவளைக் கண்ணாடி முன் கொண்டுபோய் நிறுத்தவில்லை. சீப்பை எடுத்துக் கையில் கொடுக்கவில்லை. அவள் தன் தாடையைத் தொட்டாள், விரலில் ரத்தம் ஒட்டியது.

"வந்தாளா?"

"ம்."

"சொல்லிட்டியா? என்ன சொன்னா?"

அவன் வாயைத் திறந்தான். பொய் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவள் அவள்தான். அதனால் சொன்னான், இன்னும் கொஞ்ச நேரம் வலிக்கட்டும் என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும். ஜெசிந்தா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. டாக்ஸி வந்து கீழே ஹாரன் அடித்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மாதங்கள் போயின, வலி வரவில்லை. பொட்டையும் எடுத்துவிட்டார்கள், காதுக்குப் பின்னால் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. சாப்பிடும்போது உதட்டின் இடது ஓரத்தில் பருக்கை ஒட்டினால் ஜெசிந்தாவுக்குத் தெரியாது, பெலிக்ஸ் சைகை காட்டுவான், அவள் துடைத்துக்கொள்வாள். தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, முகத்தில் களை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் ஷெரின் வீடியோவில் கூப்பிட்டாள். வேலை கிடைத்துவிட்டதாம். முதல் நேர்காணலிலேயே எடுத்துக்கொண்டார்களாம். ஜெசிந்தா "அடியே!" என்று கூவிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பெலிக்ஸும் சிரித்தான், வாழ்த்துச் சொன்னான்.

பிறகு எழுந்து படுக்கையறைக்குப் போனான். எதற்காக வந்தோம் என்று தெரியாமல் கண்ணாடி முன்னால், கடைசியாக அவளோடு பேசிய அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்வதற்கு நல்ல செய்தி ஒன்று கையில் இருந்தது. கூடத்தில் சிரிப்பு ஓய்கிறவரை அங்கேயே நின்றான்.